பிடிக்காத நாவலை முடித்தே ஆகவேண்டுமா?

பெயர் பெற்ற எழுத்தாளர். பலரும் பாராட்டிய நாவல். ஆவலோடு எடுத்து அமர்கிறோம். முப்பது பக்கம் போகிறது. அறுபது பக்கமும் போகிறது. கதை மனத்தில் ஒட்டவில்லை. பாத்திரங்களின் பெயர்கள்கூட நினைவில் நிற்க மறுக்கின்றன. இன்னும் முந்நூறு பக்கங்கள் மீதம் இருக்கின்றன. இப்போது என்ன செய்வது? பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிப் பக்கம் வரை போவதா? அன்றி, மூடி வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்ப்பதா?

கேள்வி சிறியதாகத் தோன்றும். ஆயினும் படிக்கும் பழக்கமுள்ள நான்கு பேர் கூடிய இடத்தில் இதை எழுப்பிப் பாருங்கள். நான்கு விடைகள் வரும். ஒவ்வொருவரும் தம் விடையே சரியென வாதாடுவர். வாதம் வளர வளர, இது நேரத்தைப் பற்றிய கேள்வி மட்டுமன்று, நியாயத்தைப் பற்றிய கேள்வியும் ஆகும் என்பது புலப்படும். பாதியில் மூடிய புத்தகத்தைப் பற்றி நாம் என்ன பேசலாம், எவ்வளவு பேசலாம் என்பதே அந்த நியாயம். நம் இல்லங்களுக்கும் நம் சமுதாயத்துக்கும் அது மிகத் தேவையான ஒன்று.

நான்கு குரல்கள்

போடிநாயக்கனூரும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களும் ஏலக்காயால் பெயர் பெற்றவை. நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தால் செய்தித்தாள்களில் இடம்பெற்ற பொட்டிபுரம் இந்தப் பக்கத்து ஊர்தான். விடியற்காலையில் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் முந்தலிலிருந்து போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறும். மாலையில் அதே வழியாக இறங்கும். உழைப்பு மிகுந்த இவ்வட்டாரத்தில் நாவல் படிக்க எவருக்கு நேரம் இருக்கிறது என்று சிலர் எண்ணலாம். நேரம் குறைவு என்பது உண்மை. ஆனால் நேரம் குறைவாக உள்ளவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி உண்மையான கேள்வியாகிறது. பொழுது போகாதவருக்குப் பிடிக்காத நாவலும் ஒரு துணை; பொழுதே இல்லாதவருக்கு அது ஓர் இழப்பு.

இவ்வூர்களில் படிக்கும் பழக்கமுள்ள சிலரிடம் இக்கேள்வியை வைத்தேன். கிடைத்த விடைகள் நான்கு வகைப்பட்டன.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், "முடித்தே ஆகவேண்டும்" என்றார். "எழுதியவர் ஆண்டுக்கணக்கில் உழைத்திருக்கிறார். படிப்பவர் நான்கு நாள் பொறுக்கக் கூடாதா? விருந்துக்குப் போன வீட்டில் பாதி இலையில் எழுந்து வருவது மரியாதை ஆகுமா?" என்பது அவருடைய வாதம்.

ஏலக்காய் வணிகர் ஒருவர் இதற்கு நேர்மாறானவர். "ஹஜரத், ஏலத்தில் மூட்டை மூட்டையாகக் காய் வருகிறது. எல்லாவற்றையும் கொட்டியா பார்க்கிறோம்? மாதிரிக்கு வைத்த ஒரு பிடியை எடுத்து நிறத்தைப் பார்க்கிறோம், பருமனைப் பார்க்கிறோம், மணத்தைப் பார்க்கிறோம். விலை சொல்லிவிடுகிறோம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். நாவலுக்கு இருபது பக்கம் போதும்" என்றார்.

மூன்றாவது கருத்து, மதரஸாவில் ஓதும் மகளிடம் ஒரு சகோதரியார் எழுதிக் கொடுத்தனுப்பியது. "இஷாத் தொழுகைக்குப் பின் பாத்திரங்களைக் கழுவிவைத்து, பிள்ளைகள் உறங்கிய பிறகு எனக்குக் கிடைப்பது அரைமணி நேரம். அந்த அரைமணியும் எனக்குப் பிடிக்காத நாவலுக்கே போய்விட்டால் எனக்கென்று என்ன மிஞ்சும்? ஆனால் பாதியில் வைத்துவிட்டால், காசு கொடுத்து வாங்கியதை வீணாக்கிவிட்டாய் என்று வீட்டில் பேச்சு வருகிறது. ஆகவே படிப்பதுபோல் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்" என்று அவர் எழுதியிருந்தார். நால்வரின் கருத்துகளுள் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது இதுவே.

நான்காமவர் ஒரு கல்லூரி மாணவர். அவருடைய வழி குறுக்கு வழி. நடுப்பகுதியைத் தாண்டிக் கடைசி அத்தியாயத்தைப் படித்துவிடுவாராம். "முடிவு தெரிந்துவிட்டது, முடித்தாயிற்று" என்றார் சிரித்துக்கொண்டே.

பாடநூல் வேறு, நாவல் வேறு

மதரஸாவில் பணிபுரியும் என்னைப் போன்றோர்க்கு முதல் கருத்தே இயல்பானது. தொடங்கிய கிதாபை முடிப்பதுதான் எங்கள் முறை. ஒன்றை முடித்தால்தான் அடுத்ததற்குப் போகலாம். முடிக்கும் நாள் மகிழ்ச்சிக்குரிய நாளாகக் கொண்டாடப்படுகிறது. இடையில் கடினமாயிருக்கிறது, சலிப்பாயிருக்கிறது என்று எந்த மாணவரும் விலகிக்கொள்ள முடியாது. அப்படி விலகினால் கல்வி இல்லை.

ஆனால் பாடநூலுக்குப் பொருந்தும் விதியை நாவலின்மீது சுமத்தலாகாது. பாடநூலை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, ஆசிரியர் தேர்ந்தெடுக்கிறார். பயன் இன்னதென்று அவருக்குத் தெரியும். மாணவருக்குப் பின்னால் தெரியவரும். நாவலோ நாமே விரும்பி எடுத்துக்கொள்வது. அங்கே ஆசிரியரும் இல்லை, தேர்வும் இல்லை. விருந்தாளி உவமையும் முழுமையாகப் பொருந்தாது. பாதி இலையில் எழுந்தால் எதிரே நிற்கும் வீட்டுக்காரரின் முகம் வாடும். பாதியில் மூடிய நாவலை எழுதியவர் அறியமாட்டார்.

இந்தச் சுதந்திரத்தை அறிஞர் பலரும் ஒப்புக்கொண்டிருக்கின்றனர். பிரெஞ்சு எழுத்தாளர் டேனியல் பென்னாக் 1992-இல் வெளியிட்ட நூலொன்றில் வாசகரின் உரிமைகள் எனப் பத்தைத் தொகுத்துள்ளார். படிக்காமல் இருக்கும் உரிமை, பக்கங்களைத் தாண்டும் உரிமை ஆகியவற்றை அடுத்து மூன்றாவதாக அவர் வைத்திருப்பது, ஒரு நூலை முடிக்காமல் விடும் உரிமை. நம் கல்லூரி மாணவர் இதைக் கேட்டால் துள்ளிக் குதிப்பார்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து நூலகரான நான்சி பெர்ல் ஒரு கணக்கே போட்டுக் கொடுத்திருக்கிறார். ஐம்பது வயதுக்கு உட்பட்டவர் ஒரு நூலுக்கு ஐம்பது பக்கம் வாய்ப்புக் கொடுக்க வேண்டும். அதற்குள் மனம் ஒன்றாவிட்டால் மூடிவிடலாம். ஐம்பதைத் தாண்டியவர் நூறிலிருந்து தம் வயதைக் கழித்துக்கொள்ள வேண்டும். எழுபது வயதுப் பெரியவருக்கு முப்பது பக்கம். எண்பது வயது மூதாட்டிக்கு இருபது பக்கம். வயது ஏற ஏறப் பொறுமைக் கடன் குறைகிறது; மீதமுள்ள காலத்தின் மதிப்பு கூடுகிறது. விளையாட்டாகத் தோன்றினாலும் பொருள் பொதிந்த கணக்கு இது.

இவ்வளவு தொலைவு போவானேன்? நம் சீர்காழியில் 1892-இல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராக விளங்கி, இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்தார். ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் உண்டு என்பதும், ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் உண்டு என்பதும், வாசகரின் நேரத்தைப் பேண வேண்டும் என்பதும் அவ்விதிகளுள் அடங்கும். இம்மூன்றையும் சேர்த்து நோக்கினால் நம் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடுகிறது. ஒரு நாவல் எனக்குப் பிடிக்காமற்போனால், அது எனக்குரிய நூல் இல்லை என்றுதான் பொருள். எவருக்குமே உரியதன்று என்று பொருளில்லை.

போன காசும் போகும் நேரமும்

இனி, அந்தச் சகோதரியாரின் இல்லத்தில் எழும் பேச்சைப் பார்ப்போம். "காசு கொடுத்து வாங்கியதாயிற்றே" என்பது பெரும்பாலான வீடுகளில் கேட்கும் பேச்சுத்தான். ஆனால் கணக்கு எங்கே பிழைக்கிறது என்பதை நம் ஏலக்காய் விவசாயியே சொல்லிவிடுவார். உரத்துக்கும் மருந்துக்கும் கூலிக்கும் அவர் எவ்வளவு செலவிட்டார் என்று ஏலக் கூடத்தில் எவரும் கேட்பதில்லை. அன்றைய விலை அன்றைய காய்க்கு. செலவழித்தது செலவழித்ததுதான். இருப்பு வைப்பதா, விற்பதா என்று தீர்மானிக்கும்போது அவர் பார்ப்பது இனி வரப்போவதை.

இவ்வளவு தெளிவாகக் கணக்குப் பார்க்கும் நாம், வேறு இடங்களில் தடுமாறுகிறோம். ஆர்க்ஸ், புளூமர் என்னும் அமெரிக்க உளவியல் ஆய்வாளர் இருவர் 1985-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டுகிறது. நாடக அரங்கம் ஒன்றில் ஒரு பருவம் முழுவதற்குமான அனுமதிச் சீட்டைச் சிலருக்கு முழு விலைக்கும், சிலருக்குக் குறைந்த விலைக்கும் கொடுத்தனர். முதல் ஆறு மாதங்களில், முழு விலை கொடுத்தவர்களே அதிக நாடகங்களுக்கு வந்தனர். எல்லாருக்கும் நாடகங்கள் ஒன்றே. ஆயினும் கொடுத்த காசு அவர்களைப் பிடித்திழுத்து வந்தது.

நாவலிலும் இதுவே நிகழ்கிறது. புத்தகத்தின் விலை கடைக்காரரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. விருப்பமின்றிக் கடைசிப் பக்கம் வரை புரட்டினாலும் அது திரும்பி வராது. போன காசோடு போகும் நேரத்தையும் சேர்த்து இழப்பதுதான் உண்மையான வீண். ஆகவே வீட்டிலுள்ள ஆண்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் மனைவியரும் மகள்களும் ஒரு நூலைப் பாதியில் வைத்தால் காசுக் கணக்குக் கேட்காதீர்கள். அந்த அரைமணி அவர்களுடையது. அதில் எதைப் படிப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்கும் உரிமையும் அவர்களுடையதே. படிப்பதுபோல் பாவனை செய்ய வேண்டிய நிலைக்கு ஒருவரைத் தள்ளிவிட்டால், நாளடைவில் அவர் புத்தகத்தையே தொடமாட்டார்.

நூலக வசதி இருப்பவர்களுக்கு இத்தொல்லையும் இல்லை. 1948-இல் இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியும் நம்மிடம் பெறப்படுகிறது. நாம் ஏற்கனவே பணம் கட்டிய நூலகம் அது. பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு நூலை எடுத்து வரலாம்.

ஒரு பிடி காய் போதுமா?

இதுவரை கூறியவற்றைக் கொண்டு வணிகரின் பக்கமே வெற்றி என்று எண்ணிவிடலாகாது. அவருடைய ஒரு பிடிக் காய்க்கு மறுமொழி உண்டு. ஏலத்துக்கு வரும் காய் முன்னரே தரம் பிரிக்கப்பட்டது. பெண்கள் வரிசையாக அமர்ந்து, பழுதானதை நீக்கி, பருமன் வாரியாகவும் நிறம் வாரியாகவும் பிரித்த பிறகே அது மூட்டையாகிறது. ஆகையால் ஒரு பிடிக்கும் மூட்டைக்கும் பேதம் இராது. நாவல் அப்படிப்பட்டதன்று. முன்பாதி ஒருவகை, பின்பாதி வேறுவகை என்று அமைந்த நாவல்கள் தமிழில் முற்காலத்திலேயே உண்டு.

பி. ஆர். ராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திரம்' இதற்குத் தக்க சான்று. இருபத்தொரு வயதில் அவர் எழுதத் தொடங்கிய இக்கதை 'விவேக சிந்தாமணி' இதழில் 1893 முதல் தொடராக வந்து, 1896-இல் நூலாயிற்று. அதன் முன்பாதியில் மதுரை வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றின் குடும்ப வாழ்வும், வம்புப் பேச்சும், மாமியார் மருமகள் பிணக்கும் கண்முன் நிற்கின்றன. பின்பாதியில் கதை வேதாந்தத்தின் பக்கம் திரும்பிவிடுகிறது. நூறாண்டுகளுக்கும் மேலாக வாசகரும் திறனாய்வாளரும் இதைப்பற்றி மாறுபட்டே பேசி வருகின்றனர். முன்பாதிபோல் பின்பாதியும் அமைந்திருக்கலாகாதா என்று ஏமாற்றம் கொள்வோர் பலர். பின்பாதிக்காகவே முன்பாதி எழுதப்பட்டது என்போரும் உளர்.

இவ்வழக்கில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கதை சொல்வது தம் முதன்மை நோக்கமன்று என்றும், அலைக்கழிக்கப்பட்ட ஓர் ஆன்மா அமைதியை அடைவதைக் காட்டுவதே நோக்கம் என்றும் ஆசிரியரே விளக்கம் தருகிறார். அவ்விளக்கத்தை அவர் வைத்திருக்கும் இடம் நூலின் இறுதி. சலித்துப்போய் நடுவில் மூடியவருக்கு அந்த விடை கிட்டுவதேயில்லை. படித்தபின்பும் அவர் அதை ஏற்காமல் இருக்கலாம்; அது வேறு. ஆனால் எதிர்வழக்கைக் கேளாமலேயே தீர்ப்பளித்தவராகிவிடுகிறார்.

முடித்துவிட்டால் ஏமாற்றம் தீர்ந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. வாரந்தோறும் காத்திருந்து படித்த நேயர்களில் பலர் இறுதியில்தான் ஏமாந்தனர். கதை சட்டென்று முடிந்துவிட்டதே, இன்னின்ன பாத்திரங்கள் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று கேள்விமேல் கேள்வி கேட்டனர். கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுதி அவர்களுக்குச் சமாதானம் சொல்ல நேர்ந்தது. ஆனால் இவ்வாசகர்களுடைய ஏமாற்றத்துக்கு ஒரு தகுதி இருந்தது. முழுவதும் படித்தவர்கள் கேட்ட கேள்வி அது. ஆகவே எழுதியவர் மறுமொழி கூறக் கடமைப்பட்டார். முடிவை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு "முடித்தாயிற்று" என்னும் நம் மாணவர், அவ்வாறு கேட்க இயலாது.

நகலெடுத்த பக்கங்கள்

பாதி படித்தவர் தமக்குள் முணுமுணுத்துக்கொண்டால் எவருக்கும் கேடில்லை. பாதி படித்தவரும் படிக்காதவரும் ஒன்றுகூடித் தீர்ப்புக் கூறத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு அண்மைக்கால வரலாறே சான்றாகும்.

பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-இல் வெளிவந்தது. பிள்ளையில்லாத ஓர் உழவர் தம்பதியரின் துயரத்தையும், அதனால் ஊராரிடம் அவர்கள் படும் அவமானத்தையும் கூறும் நாவல். நான்கு ஆண்டுகளாக எதிர்ப்பின்றி இருந்த அந்நூலுக்கு எதிராக 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் போராட்டம் மூண்டது. நாவலின் சில பக்கங்கள் மட்டும் நகலெடுக்கப்பட்டு மக்களிடையே பரப்பப்பட்டன. முன்னும் பின்னும் இல்லாத அப்பக்கங்களைப் படித்தவர்கள் கொதித்தெழுந்தனர். கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரியில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த பேச்சுவார்த்தைக்குப் பின், தமக்குள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று ஆசிரியர் அறிவித்தார்.

வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்குச் சென்றது. தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா ஆகியோர் 2016 ஜூலை 5-ஆம் நாள் தீர்ப்பளித்தனர். ஒரு நூலைப் படிப்பதா இல்லையா என்பது வாசகரின் விருப்பம். பிடிக்காவிட்டால் அதைத் தள்ளி வைத்துவிடலாம். படித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை என்பது அத்தீர்ப்பின் ஒரு கூறு. எழுத்தாளர் மீண்டும் எழுத வேண்டும் என்றும் நீதிமன்றம் கேட்டுக்கொண்டது. பிடிக்காத நாவலை முடிக்க வேண்டுமா என்னும் நம் எளிய கேள்விக்கு, ஓர் உயர்நீதிமன்றமே விடை கூற நேர்ந்தது!

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. அந்நாவலின் முடிவு திட்டவட்டமானதன்று. அடுத்து என்ன நடந்தது என்பதை வாசகரின் ஊகத்துக்கு ஆசிரியர் விட்டிருந்தார். பின்னர் அவரே ஒன்றுக்கொன்று மாறான இரு தொடர்ச்சிகளை, 'ஆலவாயன்', 'அர்த்தநாரி' என 2014-இல் இரு நாவல்களாகத் தந்தார். கதை எப்படியெல்லாம் போகக்கூடும் என்று எழுதியவரே இருவழியாகச் சிந்தித்துக்கொண்டிருந்தபோது, நான்கைந்து பக்க நகலை வைத்துக்கொண்டு ஊர் ஒரே வழியாகத் தீர்ப்பெழுதிவிட்டது.

சலிப்பா, சங்கடமா?

இது எங்கோ நடந்தது, நமக்கென்ன என்று இருந்துவிடலாகாது. நம் சமுதாயத்தைப் பற்றிய நாவல்கள் நம் கைக்கு வரும்போது, நாமும் இச்சோதனைக்கு உள்ளாகிறோம்.

தோப்பில் முகமது மீரான் அவர்களின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' நம்மவருக்கு அறிமுகமான நாவல். குமரி மாவட்டத்துத் தேங்காப்பட்டணத்தில் 1944-இல் பிறந்த அவர், மலையாள வழியில் கல்வி கற்றவர். 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வெளிவந்த இந்நாவல் 1988-இல் நூல் வடிவம் பெற்றது. பிற்பாடு 'சாய்வு நாற்காலி' என்னும் நாவலுக்காக 1997-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது அவருக்குக் கிடைத்தது. 2019-இல் அவர் மறைந்தார்.

கடலோர கிராமத்தின் கதையைக் கையில் எடுத்த நம் வாசகர்கள் இருவகைத் தடைகளைச் சந்திக்கின்றனர். முதலாவது மொழி. மலையாளமும் அரபுச் சொற்களும் கலந்த கடற்கரைப் பேச்சு, மலையடிவாரத்து ராவுத்தர் வீடுகளில் பிறந்தவருக்கு உடனே பிடிபடாது. இரண்டாவது தடை பொருள். வடக்கு வீட்டு அகமதுகண்ணு முதலாளி என்னும் ஊர்ப் பெருந்தனக்காரரின் ஆணவமும், ஆங்கிலப் பள்ளிக்கூடம் வருவதற்கு அவர் காட்டும் எதிர்ப்பும், ஏழைகள் படும் பாடும் அதில் ஒளிவுமறைவின்றிக் கூறப்பட்டுள்ளன. நம் வீட்டுக் குறையை நாமே நாலுபேர் அறியச் சொல்லலாமா என்ற மனத்தாங்கல் நம்மில் சிலருக்கு எழுவதுண்டு. அப்போது புத்தகத்தை மூடிவிட்டு "நாவல் நன்றாயில்லை" என்று சொல்லிவிடுகிறோம்.

இங்கேதான் நாம் நம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். மூடியது சலிப்பினாலா, சங்கடத்தினாலா? இரண்டும் வெளியே ஒன்றுபோல் தோன்றும். உள்ளே முற்றிலும் வேறு. சலிப்பு என்பது நாவல் நம்மைத் தொடவில்லை என்பதற்கு அடையாளம். சங்கடமோ அது நம்மைத் தொட்டுவிட்டது என்பதற்கு அடையாளம். சலிப்பூட்டும் நாவலை ஐம்பதாம் பக்கத்தில் மூடினால் இழப்பு ஏதுமில்லை. சங்கடப்படுத்தும் நாவலை மூடத் தோன்றும்போது இன்னும் ஓர் அத்தியாயமாவது பொறுத்துப் பார்க்க வேண்டும். கடலோர கிராமத்தின் கதையை நடுவில் விட்டவர் முதலாளியின் அதிகாரத்தை மட்டுமே பார்த்திருப்பார். அந்த அதிகாரம் சரிந்துபோவதை முடித்தவரே அறிவார். முன்னவர் கண்ணுக்கு அது சமுதாயத்தை இழிவுபடுத்தும் நூல். பின்னவர் கண்ணுக்கு அது நீதி கேட்கும் நூல். ஒரே புத்தகந்தான்.

அந்நாவலைத் தொடராக வெளியிட்டது ஒரு சமுதாய இதழ் என்பதையும் மறந்துவிடலாகாது. நம் வீட்டுக் குறையை நம் வீட்டிலேயே பேசும் துணிவு அன்று இருந்திருக்கிறது.

அடுத்த எடுப்பு

முடிப்பது, மூடுவது என இரண்டே வழிகள்தாம் உண்டென்று நாம் நினைக்கிறோம். மூன்றாவது வழி ஒன்றுண்டு. அதை நம் மலைத்தோட்டங்களில் நாள்தோறும் காணலாம்.

ஏலச்செடியில் எல்லாக் காயும் ஒருங்கே முற்றுவதில்லை. ஒரே சரத்தில் பூவும் இருக்கும், பிஞ்சும் இருக்கும், முற்றிய காயும் இருக்கும். காய் எடுக்கும் பெண்கள் முற்றியதை மட்டும் பார்த்துப் பறிப்பர், இளங்காயை விட்டுவைப்பர். நாற்பது நாள் அளவில் அடுத்த எடுப்புக்கு வரும்போது விட்டுவைத்தது பருவத்துக்கு வந்திருக்கும். இவ்வாறு ஒரு பருவத்தில் ஐந்தாறு சுற்றுகள். இன்று பறிக்காமல் விட்டது குறையுடைய காய் அன்று. வேளை வராத காய்.

நூல்களிலும் இத்தகையன பல. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் வந்த தமிழின் முதல் நாவல். கிளைக் கதைகளும் அறிவுரைகளும் நிறைந்தது. கண்டி நகரத்து வழக்கறிஞரும் 'முஸ்லிம் நேசன்' இதழின் நிறுவனருமான சித்திலெவ்வை அவர்கள் 1885-இல் எழுதிய 'அசன்பே சரித்திரம்' இலங்கையில் தோன்றிய முதல் தமிழ் நாவல். ஒரு முஸ்லிம் எழுதிய முன்னோடி நாவல். இவ்விரண்டையும் இன்றைய இளைஞர் ஒருவர் கையில் எடுத்தால், பத்துப் பக்கத்தில் சோர்ந்துவிடக்கூடும். நடை பழையது, நிகழ்ச்சிகள் தற்செயலாக நடந்துகொண்டே போகும். அவரைக் குறை கூறுவதில் பொருளில்லை. தமிழில் நாவல் என்பதே புதிதாயிருந்த காலத்தில், நம்மவர் ஒருவர் எகிப்து நாட்டு இளைஞனைக் கதைத் தலைவனாக்கி எழுதினார் என்னும் வியப்பு, சற்று வயதும் வரலாற்று அறிவும் வந்தபின் தோன்றும். அப்போது அதே நூல் இனிக்கும். பதினெட்டு வயதில் மூடிய நூலை முப்பத்தெட்டு வயதில் திறந்து பாருங்கள். மாறியிருப்பது நூலன்று, நீங்கள்.

ஆகவே வாசக நேயர்களுக்குச் சில எளிய யோசனைகள்:

ஒரு நாவலுக்கு ஐம்பது பக்கமாவது வாய்ப்பளியுங்கள். மூத்தவர்கள் தம் வயதுக்கேற்பக் குறைத்துக்கொள்ளலாம்.

மூடுமுன் காரணத்தைக் கண்டுகொள்ளுங்கள். சலிப்பாயின் தயங்காமல் மூடுங்கள். சங்கடமாயின் இன்னும் கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள்.

மூடிய நூலை எடைக்குப் போடாதீர்கள். வீட்டிலேயே வேறொருவருக்கு அது உரிய நூலாயிருக்கலாம். இல்லையெனில் நூலகத்துக்கோ தெரிந்தவர்க்கோ கொடுங்கள். உங்களுக்கே அடுத்த எடுப்பில் அது பயன்படவும் கூடும்.

எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று. நீங்கள் பாதியில் விட்ட நூலைப் பற்றி எவரேனும் கேட்டால், "நூறு பக்கம் படித்தேன், அதற்குமேல் போக இயலவில்லை" என்று உள்ளதைச் சொல்லுங்கள். "மோசமான நூல்" என்று சொல்லாதீர்கள். முன்னது சாட்சியம், பின்னது தீர்ப்பு. கண்ட அளவுக்குச் சாட்சி சொல்ல எல்லாருக்கும் உரிமை உண்டு. காணாததற்குச் சாட்சி சொல்ல எவருக்கும் உரிமையில்லை. நூறு பக்கம் படித்தவர் நூறு பக்கத்துக்கே சாட்சி.

அந்தச் சகோதரியாருக்கும் இதையே எழுதியனுப்பினேன்: "அம்மா, தாராளமாக மூடி வையுங்கள். அரைமணி உங்களுடையது. ஆனால் எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள் என்பதற்கு ஓர் அடையாளச் சீட்டை வைத்துவிடுங்கள்." நீங்களும் அப்படியே செய்யலாம். அச்சீட்டு, மறுபடி வரும் வழியையும் காட்டும். நாம் எவ்வளவு தூரம் மட்டுமே போனோம் என்பதையும் நினைவூட்டும்.